பாலாலயம் இல்லாத இடிப்பு

கோயமுத்தூரில் டவுன்ஹாலை அடுத்து வெரைட்டி ஹால் ரோடு என்றொரு தெரு இருக்கிறது. அந்தத் தெருவுக்குப் பெயர் கொடுத்த மண்டபம் இன்று இல்லை. ரயில்வேயில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளிக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரமடித்துக் காட்டித் திரிந்து, கடைசியில் இந்த நகரத்தில் நிலைகொண்டு 1914-இல் எழுப்பிய வெரைட்டி ஹால், தென்னிந்தியாவில் நம்மவர் ஒருவர் கட்டிய முதல் நிரந்தரத் திரையரங்குகளுள் ஒன்று. பிற்காலத்தில் டிலைட் தியேட்டர் என்று பெயர் மாறி, மௌனப் படத்தின் காலத்தையும் பேசும் படத்தின் காலத்தையும் கடந்து, நூறாண்டுக்கு மேல் நின்ற அந்தக் கட்டடம் அண்மைக் காலத்தில் இடிக்கப்பட்டது. உடையவர் தம் உடைமையை இடித்தார்; அதில் குற்றம் காண்பது என் நோக்கமன்று. அந்த இடிப்பைக் குறித்து ஊரில் எழும் ஒரு பேச்சைத்தான் இங்கே விசாரிக்க விரும்புகிறேன்.

பழைய கட்டடம் ஒன்று விழும்போது வருந்துகிறவருக்கு நம் பக்கத்தில் வழக்கமாகக் கிடைக்கும் ஆறுதல், "கட்டுனதெல்லாம் ஒரு நாளைக்கு உழுந்துதானுங்க ஆகோணும்" என்பது. மரியாதை மாறாத அந்தப் பேச்சில் ஒரு வேதாந்தமே அடங்கியிருப்பதாகத் தோன்றும். கேட்டவரும் தலையசைத்துவிட்டுப் போவார். உலகம் அநித்தியம் என்பது மெய்தான். ஆனால், அநித்தியம் என்னும் அந்தத் தத்துவம், நம் கையாலேயே ஒரு பொருளை அழிப்பதற்கு நமக்கு அனுமதி தருகிறதா? தானே விழப்போவதை நாமே தள்ளினால் தள்ளியவனுக்குக் கடமை ஒன்றும் இல்லையா?

நிலையாமையைச் சமணர்களைப்போல அழுத்திச் சொன்னவர்கள் நம் நாட்டில் அரியர். யாக்கையும் செல்வமும் இளமையும் நில்லா என்பதை அவர்கள் ஓயாமல் ஓதினார்கள். அப்படி ஓதியவர்கள்தாம் கொங்குநாட்டு விசயமங்கலத்தில் சந்திரப்பிரப தீர்த்தங்கரருக்குக் கல்லால் கோயில் எடுத்தார்கள். அந்த விசயமங்கலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கொங்குவேளிரின் பெருங்கதையும், சீனாபுரத்துப் பவணந்தி முனிவரின் நன்னூலும் அவர்கள் மரபில் பிறந்தவையே. நிலையாமையை நம்பியவர்கள் காலத்தை வெல்லும் கல்லையும் நூலையும் ஏன் விட்டுச்சென்றார்கள் என்று கேட்பவர், அந்த உபதேசத்தின் பிரயோஜனத்தை அறியாதவர். 'என்னுடையது' என்னும் அபிமானத்தைத் தளர்த்துவதற்காகச் சொல்லப்பட்டது நிலையாமை. எல்லோருக்கும் பொதுவானதை அலட்சியம் செய்வதற்காகச் சொல்லப்பட்டதன்று. முன்னோர் கட்டிய வீட்டை இடிக்கும்போது நிலையாமை பேசுகிறவர், அதே மனையில் எழப்போகும் அடுக்குமாடிக்குப் பத்திரம் எழுதும்போது சந்திராதித்தர் உள்ளவரை தம் சந்ததியார் அனுபவிக்கவேண்டும் என்றே நினைக்கிறார். பழையதற்கு மட்டும் அநித்தியத்தையும் புதியதற்கு மட்டும் நித்தியத்தையும் பங்கிட்டுக் கொடுக்கிற இந்தக் கணக்கைத் தத்துவம் என்று நான் ஒப்பமாட்டேன்.

இதைச் சிந்திப்பதற்குக் கோவைக்காரர் வெகுதூரம் போகவேண்டியதில்லை. நொய்யற்கரையில் பேரூர் இருக்கிறது. பிறவாப் புளி என்றும் இறவாப் பனை என்றும் இரண்டு மரங்களைச் சொல்லி, பிறப்பையும் இறப்பையும் கடப்பதே அத்தலத்தின் பொருள் என்று பெரியோர் விளக்குவார்கள். கரிகாலன் எடுத்த கோயில் என்பது மரபு; பதினேழாம் நூற்றாண்டில் அழகாத்திரி நாயக்கர் கட்டிய கனகசபையில் கூத்தப்பிரான் ஐந்தொழில் நடத்துகிறார். அந்த ஐந்தனுள் அழித்தலும் ஒன்று. ஆயினும் நம் சித்தாந்த ஆசிரியர்கள் சம்ஹாரத்தைக் கோபத்தின் காரியமாகக் கொள்ளவில்லை. பிறந்தும் இறந்தும் களைத்துப்போன உயிர்களுக்கு இளைப்பாறுதல் கொடுக்கவே இறைவன் உலகத்தை ஒடுக்குகிறான் என்றார்கள். அந்த ஒடுக்கத்தில் உள்ளது எதுவும் இல்லாமற் போவதில்லை. காரியம் காரணத்தில் ஒடுங்குகிறது, அவ்வளவே. உயிர்களின் வினைக்கணக்கு அணுவளவும் குறையாமல் அப்படியே இருந்து, மறுபடியும் சிருஷ்டி தொடங்கும்போது அந்தந்த உயிருக்கு அதனதன் கணக்கின்படியே உடலும் உலகமும் கொடுக்கப்படுகின்றன. ஈசன் செய்யும் அழிவு, கணக்கை வைத்துக்கொண்டு செய்யும் அழிவு. நம் நகரங்களில் நாம் செய்வதோ கணக்கையும் சேர்த்து அழிப்பது. இந்த இரண்டுக்கும் உள்ள வேற்றுமையே என் மனத்தை வருத்துவது.

வெறும் தத்துவமாக மட்டும் இதை நம் முன்னோர் விட்டுவைக்கவில்லை, அனுஷ்டானமாகவே வகுத்துவைத்தார்கள். கோயில் ஜீர்ணமாகிவிட்டால் அதைப் பிரித்துக் கட்டுவதை ஆகமம் தடுப்பதில்லை. புதிதாக ஒரு கோயில் கட்டுவதைவிட ஜீர்ணோத்தாரணம் பன்மடங்கு புண்ணியம் என்றே சொல்லும். ஆனால் கடப்பாரை எடுத்தவுடன் கல்லைப் பெயர்த்துவிட முடியாது. முதலில் இறைவனிடம் அனுக்ஞை பெறவேண்டும். விமானத்திலும் கோபுரத்திலும் விளங்கும் சாந்நித்தியத்தை மந்திர பூர்வமாகக் கலாகர்ஷணம் செய்து கும்பத்தில் இறக்கி, மரப்பலகையிலோ சித்திரத்திலோ ஆவாகனம் செய்து, பாலாலயம் என்னும் சிற்றிடத்தில் எழுந்தருளச் செய்து, திருப்பணி முடியும்வரை அங்கே தவறாமல் பூஜை நடத்தவேண்டும். அதன் பிறகே கல்தச்சனுக்கும் கொத்தனுக்கும் வேலை. எல்லாம் முடிந்து குடமுழுக்கு நாளில் அந்தச் சாந்நித்தியம் மறுபடியும் தன் இடத்துக்கு எழுந்தருளுகிறது. 2025-ஆம் ஆண்டில் பேரூரிலும் மருதமலையிலும் குடமுழுக்குக் கண்ட லட்சக்கணக்கான மக்கள் கலசத்தில் விழுந்த நீரைத் தலையில் வாங்கி மகிழ்ந்தார்கள். அந்த நாளுக்கு முன்னால் மாதக்கணக்கில் அமைதியாக நடந்த பாலாலய பூஜையைப் பற்றி நினைத்தவர்கள் சிலராகவே இருப்பார்கள். எனக்கோ, அந்தப் பூஜையே முழுச் சடங்கின் உயிர் என்று படுகிறது. இடிப்பதற்கும் கட்டுவதற்கும் இடைப்பட்ட காலத்தில், இருந்தது எதுவும் வீடற்றுப் போய்விடக்கூடாது என்பதே அதன் தாத்பரியம்.

ஆகமம் அறியாத குடியானவர்களும் இதே தர்மத்தை வேறு வகையில் கைக்கொண்டார்கள். பஞ்சத்தாலோ பகையாலோ ஊர் விட்டுப் பெயர்ந்த குடும்பங்கள், தம் குலதெய்வக் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துக்கொண்டு போய், சேர்ந்த ஊரில் அந்த மண்ணை வைத்து அதன்மேல் கோயில் எழுப்பினார்கள். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தம் பிருஹத்சம்ஹிதையில், விக்கிரகத்துக்காக ஒரு மரத்தை வெட்டுவதற்கு முன் இரவில் அதற்குப் பூஜை செய்து, அதில் வாழும் பூதங்களிடம் பொறுத்தருளும்படியும் வேறிடம் சென்று உறையும்படியும் வேண்டிக்கொள்ள வேண்டும் என்று விதித்தார். ஜப்பான் தேசத்து இஸே ஆலயத்தை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை முற்றிலும் பிரித்து, அடுத்த மனையில் அச்சு மாறாமல் புதிதாகக் கட்டுகிறார்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக வரும் இந்த வழக்கத்தில் 2013-இல் நடந்தது அறுபத்திரண்டாவது முறை. பிரித்த பழைய மரங்கள் நாட்டின் மற்ற ஆலயங்களுக்குத் திருப்பணிக்காகப் போகின்றன. மூத்த தச்சரின் கைத்திறம் இளையவருக்குப் போகிறது. இடிப்பதே அங்கே காக்கும் உபாயமாகிவிட்டது.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும், நியாயமான ஆக்ஷேபமே. கோயிலில் தெய்வம் இருக்கிறது, ஆகவே கலாகர்ஷணம் வேண்டும். சினிமாக் கொட்டகையிலும் பஞ்சாலையிலும் ஓட்டு வீட்டிலும் எதை ஆகர்ஷணம் செய்வது? வேறொன்றும் சொல்வார்கள்: பழமை என்பதாலேயே எதையும் பூஜிக்கவேண்டுமா? இரண்டாவதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். வேண்டியதில்லை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையைக் கொள்ளைநோய் மீண்டும் மீண்டும் வாட்டியது. நெருக்கமான சந்துகளில் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வழியில்லை. நல்ல குடிநீரும் இல்லை. சிறுவாணி நீரைக் கொண்டுவரப் பாடுபட்ட சே. ப. நரசிம்மலு நாயுடுவும், நகரத்தை மேற்கே விரிவாக்கித் தம் பெயரால் ஆர். எஸ். புரம் வழங்க நின்ற இரத்தினசபாபதி முதலியாரும் பழமையைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தால் இந்த ஊர் ஊராக இருந்திராது. ஆலைத் தொழிலாளர் பலர் வாழ்நாள் முழுதும் அடைந்து கிடந்த லைன் வீடுகளின் நெருக்கடியை, பார்வைக்கு அழகாக இருக்கிறது என்பதற்காக யாரும் பாதுகாக்கச் சொல்லக்கூடாது. குடியிருப்பவன் மூச்சுவிட இடிக்கவேண்டுமானால் இடிப்பதே தர்மம். வெரைட்டி ஹாலே ஒரு காலத்தில் புதுமையாக வந்ததுதான்.

முதல் ஆக்ஷேபத்துக்கு விடை சற்று விரிவானது. மனிதன் தேவர்க்கும் ரிஷிகளுக்கும் பித்ருக்களுக்கும் கடன்பட்டே பிறக்கிறான் என்பது வைதிக மரபு. நாம் குடியிருக்கும் ஊர், பித்ருக்கள் நமக்குக் கொடுத்த கடன். கொங்குநாட்டுத் தொட்டிக்கட்டு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் வானம் பார்த்த தொட்டி, சுற்றிலும் தாழ்வாரம், வந்தவரை உட்காரவைக்கும் ஆசாரம், பின்னால் பொடக்காளி என்று அமைந்த அந்த வீட்டில், சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசிய கொத்தனின் பக்குவமும், வெயிலை வெளியே நிறுத்தும் சுவரின் பருமனும், பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று எந்தப் பக்கம் நுழையும் என்று அறிந்து சாளரம் வைத்தவனின் அறிவும் குடியிருந்தன. 1888-இல் ஸ்டேன்ஸ் துரை தொடங்கிய நூற்பாலையும், 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு அடுத்தடுத்து எழுந்த ஆலைகளும் வெறும் செங்கல்லும் இரும்புமா? ஆலைச் சங்கு ஊதுவதைக் கொண்டே பொழுது அறிந்த ஓர் ஊரின் உழைப்பும், பஞ்சு தூசு படிந்த நெஞ்சுகளும், சங்கம் கட்டிப் போராடிய துணிவும் அந்தச் சுவர்களுக்குள் இருந்தன. நிலை வைக்கும்போது பூஜை செய்கிறோம். தளம் போடும்போது பூஜை செய்கிறோம். இத்தனை பேரின் வாழ்வைத் தாங்கிய ஒன்றைக் கீழே இறக்கும்போது ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஜே.சி.பி.யை அனுப்பிவிடுகிறோம்.

முறையாகச் செய்ய நமக்குத் தெரியாது என்றும் சொல்வதற்கில்லை. 1908 முதல் 1910 வரை வ. உ. சிதம்பரம் பிள்ளை கோவை மத்திய சிறையில் கைதியாக இருந்தார். அங்கே அவர் இழுத்த கல்செக்கு இன்றும் சிறை வளாகத்தில் நினைவுப்பொருளாகப் போற்றப்படுகிறது. அந்த வளாகத்து நிலத்தின் ஒரு பகுதியில் இப்போது செம்மொழிப் பூங்கா எழுந்திருக்கிறது. சிறையின் மதிலைவிடச் செக்கு முக்கியம் என்று ஒரு காலத்தில் யாரோ தீர்மானித்தார்கள். எதைக் காக்கவேண்டும் என்ற விவேகம் அந்தத் தீர்மானத்தில் இருக்கிறது. அவிநாசி ரோட்டில் லட்சுமி மில்ஸ் வளாகத்தின் ஆலைக் கட்டடங்கள் வேறு பயனுக்கு மாறி நிற்கின்றன. அதுவும் ஒரு வழி.

வருத்தம் என்னவென்றால், பாலாலயம் நடக்கும் இடங்களிலேயே அதன் தாத்பரியம் மறந்துவருகிறது. மந்திரம் ஓதிக் கலையை இறக்குகிறார்கள். பிறகு மணல் வீச்சால் கல்வெட்டைத் தேய்க்கிறார்கள், ஓவியத்தின்மேல் சுண்ணாம்பு பூசுகிறார்கள், கருங்கல் தளத்தின்மேல் பளபளக்கும் ஓடு பதிக்கிறார்கள். தெய்வத்தைக் காத்து, தெய்வத்துக்கு வீடு செய்தவனை அழிப்பது எந்த ஆகமத்திலும் இல்லை. தமிழ்நாட்டில் மரபுச் சின்னங்களுக்கான ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. 2021 ஜூன் 7-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் பழங்கோயில்களையும் புராதனச் சின்னங்களையும் காக்க எழுபத்தைந்து உத்தரவுகள் பிறப்பிக்கவேண்டிய நிலை வந்தது. சட்டமும் தீர்ப்பும் அவசியமே; ஆயினும் நகரத்தின் ஓட்டு வீடுகளும் கடைகளும் கொட்டகைகளும் பெரும்பாலும் அவற்றின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. அவற்றைப் பொறுத்தவரை உடையவரின் மனச்சாட்சி ஒன்றே ஆணையம்.

ஆகையால் ராஜவீதியிலும் ஒப்பணக்காரத் தெருவிலும் வைசியாள் வீதியிலும், சுற்றியுள்ள கொங்கு ஊர்களிலும் பழைய கட்டடம் வைத்திருக்கும் அன்பர்களை வேண்டிக்கொள்கிறேன். காக்க முடிந்தால் காத்து நில்லுங்கள். முடியாதபோது, இடிக்கும் தேதி குறிப்பதற்கு முன் ஒரு மாதம் தவணை கொடுங்கள். கட்டடக்கலை பயிலும் பிள்ளைகளை அழைத்து அறை அறையாக அளந்து வரையச் சொல்லுங்கள். அங்கே பிறந்தவர்களையும் வேலை பார்த்தவர்களையும் உட்காரவைத்துப் பேசவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். நிலைக்கதவையும் தூணையும் பழைய இரும்புக் கடைக்கு எடைபோட்டு விற்காமல், எழும் புதிய வீட்டிலேயே ஓரிடத்தில் நிறுத்துங்கள். வாசலில் ஒரு கல்லில், முன்பு இங்கே இன்னது இருந்தது, இன்னார் கட்டினார் என்று பொறித்து வையுங்கள். மாநகராட்சியும் இடிப்பதற்கு அனுமதி கொடுக்கும்போது இவற்றையெல்லாம் நிபந்தனையாக விதிக்கட்டும். இதற்காகும் செலவு, புதுமனை புகுவிழாவுக்கு அடிக்கும் அழைப்பிதழின் செலவைவிட அதிகம் ஆகாது.