உஷ்ரும் ஏரி நீரும்

தங்கத்துக்கும் ரொக்கத்துக்கும் ரமலானில் கணக்குப் பார்க்கும் நாம், நெல்லுக்கு அறுவடை நாளிலேயே கணக்கு உண்டென்பதை மறந்துவிடுகிறோம். விளைச்சலுக்குரிய ஜகாத்தாகிய உஷ்ரைப் பற்றி மேடைகளிலும் பேச்சைக் காணோம். வான்மழையாலும் தானே பாயும் ஆற்றுநீராலும் விளைந்ததில் பத்தில் ஒன்று. மனிதன் பாடுபட்டு இறைத்த நீரில் விளைந்ததில் இருபதில் ஒன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வகுத்தருளிய அளவு இது. இரண்டும் சமமாகப் பாய்ந்திருந்தால் பத்தில் ஒன்றின் முக்கால் பாகம் என்பர் ஃபிக்ஹு நூலார். அதாவது நூறு மூட்டைக்குப் பத்து, ஐந்து, ஏழரை. பாடுபட்டவனுக்குப் பாதி தள்ளுபடி!

புதுவையின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் இச்சட்டத்தை வைத்துப் பாருங்கள். பெண்ணையாற்று நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரியை அடைகிறது. வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணி. ஊசுட்டேரிக்கும் அதன் நீர்தான். பாகூரைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்று சும்மா சொல்லவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் மூன்று ஊர்களைப் பாகூர்க் கல்விச்சாலைக்கு விட்டதாகச் செப்பேடு கூறுகிறது. நம் வக்ஃபு நிலங்களைப் போலவே, அங்கும் வயல் விளைந்துதான் கல்வி வளர்ந்திருக்கிறது.

அந்நாளில் ஏரி ஊர்ச்சொத்து. வாய்க்காலைத் தூர்வாருவதும் கரையைக் காப்பதும் ஊரார் கூடிச் செய்த வேலை. பிறகு ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. விசையைத் தட்டினால் வாசலில் தண்ணீர் கொட்டும்போது, மண்வெட்டியோடு ஏரிக்கரைக்குப் போக யாருக்கு மனம் வரும்? ஏரிகள் தூர்ந்தன. 1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு அவற்றைச் செப்பனிடும் திட்டமே தொடங்க வேண்டியதாயிற்று. நிலத்தடி நீர் இறங்க இறங்க, கடலோர ஊர்களில் கிணறுகளும் உவர்ப்பேறத் தொடங்கின.

இங்கேதான் என் ஐயம். கிணற்றுப் பாசனம் என்பதால் இருபதில் ஒன்று போதும் என்கிறோம். கிணறு வெட்டிய செலவு உழவருடையதுதான்; அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நீரை மேலே தூக்குவது அரசின் இலவச மின்சாரம். கீழே கிடப்பதோ ஏரியிலும் வயலிலும் ஊறி இறங்கிய பொதுநீர். தண்ணீரில் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்பதும் அதே நபிமொழிச் செல்வத்திலிருந்து நமக்குக் கிடைத்ததன்றோ? சட்டத்தின் அளவை உலமாக்கள் சொல்லட்டும். அதில் கை வைக்க நான் யார்? ஆயினும் தள்ளுபடிக்குக் காரணம் உழைப்பு என்றால், அந்த உழைப்பு யாருடையது என்று உழவர் தம் மனத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

ஒருவர் முந்நூறு அடிக்குத் துளையிடுகிறார். பக்கத்து வயல்காரரின் முப்பதடிக் கிணறு வற்றிவிடுகிறது. அவர் இவரிடமே நீர் வாங்கி, விலையாக விளைச்சலில் ஒரு பங்கை அளக்கிறார். நூறு மூட்டை கண்ட நம் உழவர் ஐந்து மூட்டையை ஒழுங்காக எடுத்துவைத்து, நொடித்துப்போன அந்த அண்டை வயல்காரருக்கே ஜகாத்தாகக் கொடுக்கிறார் என்று வையுங்கள். கொடுத்தது ஜகாத்தா, பட்ட கடனா?