பிறவியில் ஏது படி?

"பாறு அஞ்சறிவுடா. நீ சொல்றதுக்கு ஓரறிவாவது உண்டா?" என்றாள் அக்கா. சித்தாந்த வகுப்புக்குப் போகிறவள். பிறவிகளுக்குப் படி உண்டு என்பதில் உறுதியானவள்.

பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகைவிட ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியா தாழ்ந்ததில்லை என்று நான் சொல்லியிருந்தேன். வேளாண் கல்லூரி நுண்ணுயிரியல் கூடத்தில் உதவியாளனாக இருந்த காலத்துப் பழக்கம். அகார் தட்டில் சுண்ணாம்புப் பொடி தூவியதுபோல் வளரும். மூடியைத் திறந்தால் மழை விழுந்த மண்ணின் வாசம். காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் இந்தப் பேரினத்தில்தான் கிடைத்தது. அதற்காக உயர்ந்தது என்று வாதாட மாட்டேன். நமக்குப் பயன்பட்டால் உயர்வு என்பது யாவாரப் பேச்சு.

அக்கா சொன்ன பாறுக்கு ஒரு கதையும் உண்டு. திருக்கழுக்குன்றக் கோயிலில் உச்சிவேளைக்கு வந்து சர்க்கரைப் பொங்கல் உண்ட இரண்டு பறவைகளும் மஞ்சள்முகப் பாறுகள். சாபம் பெற்ற முனிவர்கள் என்பது தலபுராணம். பறவைக்கு அந்தக் கதை பொருந்துகிறது. ஓர் உடல், ஓர் உயிர். செத்தால் உடல் கிடக்கிறது, உயிர் வினையைச் சுமந்துகொண்டு போய்விட்டது என்று சொல்ல இடமிருக்கிறது.

மண்ணுக்குள் அப்படி இல்லை. அங்கே இந்த பாக்டீரியா நூலிழையாகக் கிளைத்து ஓடுகிறது. இரை தீரும்போது தன் பழைய இழைகளில் சிலவற்றைத் தானே கரைத்து, அந்தச் சத்தில் மேல்நோக்கிப் புது இழைகளை எழுப்புகிறது. அவை சங்கிலி சங்கிலியாக வித்துகளாய்த் துண்டுபடுகின்றன. கரைந்த இழை செத்ததா, ஊட்டியதா? வித்துகளில் பழைய உயிர் எது? ஒன்று பலவானபோது பழைய வினை எந்தக் கணக்கில் ஏறியது?

"ஆன்மாக்கள் எண்ணற்றவை. புதுசா வந்து புகுந்திருக்கும்" என்றாள் அக்கா. சாமர்த்தியமான பதில்தான். எந்த நொடியில் புகுந்தன என்று கேட்டேன். காபி போட எழுந்துவிட்டாள்.

படி என்ற எண்ணமே பறவையைப் பார்த்த கண்ணிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். தனித்தனியாக எண்ண முடிந்தால்தானே மேல், கீழ் என்று நிறுத்த முடியும்?

அவள் தினமும் ஓதும் சிவபுராணத்தையே பாருங்கள். பிறந்து பிறந்து இளைத்ததைச் சொல்லும் இடத்தில், மாணிக்கவாசகர் புழுவுக்குப் பிறகு மரத்தை வைக்கிறார். பறவைக்குப் பிறகு பாம்பு, பாம்புக்குப் பிறகு கல், கல்லை ஒட்டி மனிதர். ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை.

"ஓசைக்காக அப்படி வச்சிருக்கார்" என்கிறாள் அக்கா. இருக்கலாம். ஏணி ஒன்று அவர் மனதில் இருந்திருந்தால், அதற்கேற்ற ஓசை அவருக்கா கிடைத்திருக்காது?