யாருக்காக இந்த விரதம்?

இளையோருக்கான அமெரிக்க நாவல்களில் புலனடக்கம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ (2005) வரிசைதான். மேயர் மார்மன் சபையைச் சேர்ந்தவர். அவர் கதையில் கல்யாணம்வரை பொறுத்திரு என்று பிடிவாதம் பிடிப்பவன் பையன் எட்வர்ட், அதுவும் ரத்தக்காட்டேரி! அவன் வாதம் வேடிக்கையானது: கொலை, பொய், திருட்டு எல்லாம் ஆகிவிட்டது, மீறாமல் மிச்சமிருப்பது இந்த ஒரு விதிதான்.

1993இல் தெற்கு பாப்டிஸ்ட் சபையினர் தொடங்கிய ‘உண்மைக் காதல் காத்திருக்கும்’ இயக்கத்தில் பதின்வயதினர், கல்யாணம்வரை பொறுத்திருப்போம் என்ற உறுதிமொழி அட்டைகளில் கூட்டங்கூட்டமாகக் கையெழுத்திட்டார்கள். சகாக்களின் நெருக்கடிக்கு மருந்து, இன்னொரு சகா நெருக்கடி. அப்படி வந்த ஒழுக்கம் யாருடையது?

இந்தக் கேள்வியைக் கூர்மையாகக் கேட்டது, காமத்தைப் பற்றியே அல்லாத ஒரு நாவல்: ராபர்ட் கார்மியரின் ‘சாக்லேட் யுத்தம்’ (1974). கத்தோலிக்கப் பள்ளி மாணவர்கள் சாக்லேட் விற்க வேண்டும். ஜெர்ரி என்ற மாணவன் பத்து நாள் மறுக்கிறான். அப்படி மறுக்கச் சொல்லி ரகசிய மாணவர் கும்பல் இட்ட உத்தரவு அது. கெடு முடிகிறது. வகுப்பில் பெயர் கூப்பிடுகிறார்கள். இப்போது சம்மதிக்க வேண்டியவன் மறுபடியும் மறுக்கிறான். முதல் பத்து நாளும் வெறும் கீழ்ப்படிதல். விரதம் தொடங்குவது அன்றுதான். கார்மியர் அதற்குப் பரிசு எதுவும் வைக்கவில்லை. அடிபட்டு நொறுங்கிய ஜெர்ரி, ஊரோடு ஒத்துப்போ என்று நண்பனிடம் சொல்லத் தவிக்கிறான்.

மறு ஆண்டே வந்த ஜூடி ப்ளூமின் ‘ஃபாரெவர்’ நாயகி கேத்ரின், தனக்கு மனம் வரும்வரை மைக்கேலைக் காக்க வைக்கிறாள். எந்தச் சபைக்காகவும் அல்ல. மார்மன்கள் நிறைந்த யூட்டா மாநிலம் 2024இல் அந்த நாவலை அரசுப் பள்ளிகளிலிருந்து அகற்றியது.