கூரையைப் பிரித்தவர்கள்



கப்பர்நாகூமில் திமிர்வாதக்காரனைத் தூக்கி வந்த நால்வரை அறிவீர்கள். வாசலில் சனக்கூட்டம். கூட்டம் கலையட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை, கூரையைப் பிரித்தார்கள்.

பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியின் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியிலும் கூரையைப் பிரித்தவர்கள் உண்டு. பாரிசவாதம் பெரும்பாலும் மூளைக்குப் போகும் இரத்தக்குழாயை ஒரு கட்டி அடைப்பதால் வருவது. அதைக் கரைக்க ஊசிமருந்து உண்டு. ஆனால் நாலரை மணித்தியாலத்துக்குள், அதிலும் முந்தக் கொடுத்தால்தான் பலன் அதிகம். மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்தாலோ அதே மருந்து உயிருக்கு உலை வைக்கும். ஆகவே ஸ்கான் எடுக்காமல் ஏற்ற முடியாது. 1998இல் நோயாளி வாசலுக்கு வந்து மருந்து ஏறும்வரை அங்கே பொதுவாக 105 நிமிடங்கள் சென்றன. 2011இல் 20 நிமிடங்கள்!

புது மருந்து எதுவும் வரவில்லை. அம்புலன்ஸ் வழியிலிருந்தே தகவல் சொன்னது, நோயாளி வருமுன்னே பழைய வைத்தியக் குறிப்புகளைப் பார்த்து வைத்தார்கள், வந்த கட்டிலிலேயே நேரே ஸ்கான் மேசைக்கு, அங்கேயே ஊசி.

இதை எழுதிவைத்த நரம்பியல் வைத்திய நிபுணர் அத்தே மெரெத்தொயா, 2012இல் றோயல் மெல்பேர்ண் ஆஸ்பத்திரியிலும் இம்முறையைத் தொடங்கக் காரணமானார். நாலே மாதத்தில், வேலை நேரத்தில் வந்தவர்களுக்கு 43 நிமிடம் 25 ஆயிற்று. இரவிலும் விடுமுறை நாளிலும் வந்தவர்களுக்கோ 67 நிமிடம் 62 ஆனதோடு சரி. அவர்கள் இதை மறைக்கவில்லை, அச்சிலே போட்டார்கள். எனக்கு அந்த 25ஐ விட இந்த 62தான் பெரிய பிரசங்கம். நடுச்சாமத்தில் விழுந்தவனுக்கு மூளை மெதுவாகவா சாகிறது?

எசமான் இரண்டாம் சாமத்திலோ மூன்றாம் சாமத்திலோ வரக்கூடும் என்ற ஆண்டவரின் உவமையை நாம் மரண ஆயத்தத்துக்கென்றே ஒதுக்கிவிட்டோம். (குருக்களாகிய நாங்களுந்தான்.) அந்த எசமான் கடைவாய் கோணி, நாக்குழறி, அம்புலன்ஸ் கட்டிலில் வருவார் என்று எண்ணினோமா?

நம் வீட்டிலும் இரவு உண்டு. ஒருவருக்கு முகம் ஒருபக்கம் இழுத்தால், கை சோர்ந்து விழுந்தால், பேச்சுத் தடுமாறினால், தைலம் தேய்த்து, கோப்பி பருக்கி, விடியட்டும் என்று இராதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். எத்தனை மணிவரை சுகமாயிருந்தார் என்பதை வீட்டில் ஒருவர் குறித்துக்கொண்டு கூடப் போகட்டும். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.