குற்றமற்றவர்களின் கடன்

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்கிறோம். விளைவு ஒன்று இருந்தால் அதைச் செய்தவன் ஒருவன் இருந்தாக வேண்டும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. செய்தவனே இல்லாத தீங்கு வந்தால் அதைத் தீர்க்கும் கடமை யாருடையது? இதைச் சிந்திக்க, கம்பியில்லாத் தொடர்பில் பொறியாளர்களைப் படுத்தும் உச்சத்திறன் சிக்கலைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வைஃபையும் 4ஜியும் தகவலைப் பல ஊர்தி அலைகளில் பிரித்து ஒரே நேரத்தில் அனுப்புகின்றன. ஒவ்வோர் அலையும் தன் அளவுக்குள்தான் நிற்கிறது. ஆனால் எந்த அலை எந்தக் கட்டத்தில் கிளம்பும் என்பதைத் தகவலே தீர்மானிப்பதால், முகடுகள் சில கணங்களில் ஒன்றுசேர்ந்துவிடும். 64 அலைகள் இருந்து, அவை முழுதாக ஒத்துப்போனால் திறன் சராசரியைப்போல் 64 மடங்காகும். பவர் ஆம்ப்ளிஃபையர் அதைத் தாங்காது. முகடு மழுங்கும், செய்தி சிதையும், பக்கத்து அலைவரிசையிலும் இரைச்சல் கசியும். யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது? ஓர் அலையை எடுத்துவிட்டாலும் பழைய சராசரியைப்போல் 62 மடங்கு எஞ்சும்.

எப்போதோ நேர்வதற்கு இத்தனை கவலையா என்று கேட்கலாம். 64-உம் ஒத்துப்போவது நடைமுறையில் நடக்காது, உண்மைதான். ஆனால் ஒரே தவணையில் சேர்ந்து கிளம்பும் அலைத்தொகுப்பைச் சின்னம் என்பார்கள்; உச்சம் சராசரியைப்போல் பத்து மடங்கைத் தாண்டும் வாய்ப்பு ஆயிரம் சின்னங்களுக்கு ஏறக்குறைய மூன்று. 1999-இல் வந்த வைஃபை தரம் ஒன்றில் ஒரு சின்னத்தின் நீளம் 4 மைக்ரோ விநாடி. அந்த வேகத்தில் விநாடிக்கு எழுநூறு முறை. அபூர்வம் என்ற சொல்லை நாம் கொஞ்சம் தாராளமாகவே பயன்படுத்துகிறோம்.

அலைகளுக்கு மனம் கிடையாது, அவற்றிடம் அறம் தேடுவதா என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984-இல் ஒரு கற்பனையை முன்வைத்தார்: ஆயிரம் பேர், ஒவ்வொருவரும் உணரவே முடியாத அளவு வலியைக் கூட்ட, மொத்தத்தில் அது சித்திரவதையாகிறது. அங்கே எண்ணம் இருப்பதால் பழியை எங்காவது ஒட்டவைக்க முடிகிறது. அலைகளில் அதற்கும் வழியில்லை. எண்ணத்தைக் கழித்த பிறகும் தீங்கு மிஞ்சுகிறது என்பதைக் காட்டுவதுதான் இந்த உதாரணத்தின் பயன்.

தீர்வுகளைப் பாருங்கள். முகட்டை வெட்டினால் அந்தச் சிதைவு எல்லா அலைகள் மீதும் பரவுகிறது. கூட்டுத் தண்டனை போன்றது இது. வேறொரு முறையில், சில அலைகள் தகவல் எதையும் சுமக்காமல் உச்சத்தைத் தணிக்க மட்டுமே ஒதுக்கப்படுகின்றன. அவை மற்றவற்றைவிட அதிகக் குற்றம் செய்தவை அல்ல. ஆனாலும் வேலை அவற்றின் தலையில். வேகம் சற்றுக் குறையும், அந்த இழப்பைப் பயனர்கள் எல்லோரும் பகிர்கிறார்கள். பழியும் கடமையும் இங்கே தனித்தனியே பிரிந்துவிடுகின்றன.

பழியைப் பாராமல் கடமையைப் பங்கிடுவது அநீதி என்பார்கள். பழி பார்த்தால் பங்கிடவே முடியாது என்பதை விட்டுவிட்டாலும், பங்கிடுவதற்கு வேறு அளவுகோல் இருக்கிறது: தாங்கும் வலிமை. 4ஜி வகுத்தவர்கள் கோபுரத்திலிருந்து கைபேசிக்கு வரும் வழியில் பல்லலை முறையை வைத்தார்கள். உச்சத்தைச் சமாளிக்கும் பெரிய ஆம்ப்ளிஃபையர் கோபுரத்தில் இருக்கிறது. பேட்டரியில் ஓடும் கைபேசி திருப்பி அனுப்பும் வழிக்கு, உச்சம் குறைவான ஒற்றை ஊர்தி வடிவத்தைக் கொடுத்தார்கள். 5ஜியில் கைபேசிக்கு இரண்டு வடிவங்களும் உண்டு. கோபுரத்தின் எல்லையில், திறன் போதாமல் தவிக்கும் கைபேசிக்கு அந்த ஒற்றை வடிவமே ஏற்றது.