பின்னால் தொங்குவது பொய்யா?

வால்பாறையில் வீட்டு முன்னறையை ஒழித்துச் சின்னதாக ஒரு ஸ்டுடியோ போட நினைப்பவர், கேமராவும் விளக்கும் வாங்கியான பிறகு மண்டையை உடைத்துக்கொள்வது பின்திரையைப் பற்றித்தான். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், ஆளுக்கும் திரைக்கும் நடுவே நாலடியாவது விட்டால்தான் நிழல் திரையில் விழாது; விட்ட பிறகு கேமராவுக்கு மிஞ்சுவது வாசற்படிதான். பருவமழை பிடித்துவிட்டால் காகிதச் சுருள் ஈரம் குடித்து நெளியும், கெட்டித் துணியில் புள்ளிபுள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். வினைலைத் துடைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒளி பட்டால் பளபளக்கும். மலைக்குக் கீழே சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிகளில் ஓடும் காடாத் துணியை வாங்கிச் சாயம் ஏற்றி, வெயில் கண்ட நாளில் உலர்த்திச் சுருட்டி வைப்பது கைக்கு அடக்கமான வழி. இதெல்லாம் காசும் இடமும் சேர்ந்த கணக்கு, போட்டு முடித்துவிடலாம். முடியாமல் நிற்பது வேறொன்று. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வாழும் ஒருவரை மாளிகைப் படிக்கட்டுக்கு முன்னால் நிறுத்திப் படமெடுத்தால் அது பொய்யா? வெறும் சாம்பல் நிறத் துணிக்கு முன்னால் நிறுத்தினால் மெய்யா? திரையில் இருப்பது மாளிகையா வெறும் நிறமா என்பது இதைத் தீர்மானிப்பதில்லை என்பது என் கட்சி. அந்தத் திரையைத் தேர்ந்தது யார், அது தன்னைத் திரை என்று ஒத்துக்கொள்கிறதா என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

புகைப்படம் பிறந்ததே திரை வரைந்த கையிலிருந்துதான். 1839இல் தன் முறையை உலகுக்கு அறிவித்த லூயி டகேர், அதற்கு முன் பாரிஸில் நாடகக் காட்சித் திரைகள் தீட்டியவர். 1822இல் ‘டயோராமா’ என்ற பெரும் திரைக்காட்சிக் கூடத்தைத் திறந்தவர். தமிழ்நாட்டில் ஸ்டுடியோக்கள் பெருகிய காலம் நாடகக் கம்பெனிகளின் சீன் படுதாக்கள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலத்தோடு ஒட்டியது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் திரட்டி மின்மயமாக்கியிருக்கும் பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்கள் போன்றவற்றில் தூண்களும் வளைவுகளும் தோட்டங்களும் மனிதர்களுக்குப் பின்னால் நிற்கின்றன. அவற்றைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் போதும். வரைந்த தரை முடிந்து நிஜத் தரை தொடங்கும் இடத்தில் ஒரு கோடு தெரியும். தூணின் நடுவே துணி மடிப்பு ஓடும். வெளிச்சம் தோட்டத்தில் ஒரு பக்கமிருந்தும் முகத்தில் இன்னொரு பக்கமிருந்தும் விழும். படம் எடுத்தவரும் உட்கார்ந்தவரும் பின்னாளில் பார்த்தவரும் அது துணி என்று அறிந்தே இருந்தார்கள். யாரும் ஏமாறாத இடத்தில் பொய் என்று ஒன்றைக் குற்றம் சாட்டுவது கடினம்.

‘அப்படியானாலும் எதற்கு வம்பு? எதுவும் சொல்லாத வெறுந்திரையே நேர்மையானது’ என்று சொல்பவர்கள் உண்டு. வெறுந்திரை எதுவும் சொல்லாது என்பதை வரலாறு ஏற்கவில்லை. 1869இல் லண்டனில் ஜான் லாம்ப்ரே என்பவர் மரச்சட்டத்தில் பட்டு நூல் கட்டி, இரண்டு அங்குலச் சதுரங்களாலான பின்திரை ஒன்றை அமைத்தார். அதற்கு முன்னால் உடையில்லாமல் நிறுத்தப்பட்ட மனிதர்களின் உடல், இனம் இனமாக ஒப்பிடத்தக்க அளவாகிவிடும் என்பது அதன் நோக்கம். 1890களில் அந்தமானில் போர்ட்மன் என்ற ஆங்கிலேய அதிகாரி அங்குள்ள பழங்குடியினரைக் கட்டம் போட்ட திரைக்கு முன்னால் நிறுத்திப் படமெடுத்தார். அதே காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து திரிந்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய நூலில், வால்பாறையைச் சுற்றிய ஆனைமலைக் காடுகளின் காடர்களும் உண்டு. மாளிகைத் திரை ஒருவரை மிகைப்படுத்தியிருக்கலாம். கட்டத் திரை மனிதரை மாதிரிப் பொருளாக்கியது. இன்றைய பாஸ்போர்ட் படத்தின் வெள்ளைத் திரையில் அந்தக் கொடுமை இல்லைதான். ஆனால் அடையாளம் காண்பதற்கு வேண்டாதது எல்லாம் அகற்றப்பட வேண்டும் என்ற அதே முடிவு அதிலும் இருக்கிறது. முடிவு எடுத்தது அலுவலகம், உட்காருபவர் அல்ல.

இங்கே சைவ சித்தாந்தம் கைகொடுக்கிறது. அத்வைதியிடம் கேட்டால் தோற்றம் எல்லாம் மாயை, கடைசியில் நிற்காது என்பார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தின் வழியில் வருபவர்கள் அப்படிச் சொல்வதில்லை. அவர்களுக்கு மாயை உள்பொருள். உயிருக்கு உடலும் கருவிகளும் வாழும் உலகமும் நுகர்பொருளும் (தனு, கரண, புவன, போகம் என்பார்கள்) அதிலிருந்தே ஆக்கித் தரப்படுகின்றன. உயிரின் அறிவை மறைப்பது ஆணவம் என்ற இருள்; மாயையோ விடியும்வரை கையில் இருக்கும் விளக்கு. இந்தப் பாகுபாட்டை ஸ்டுடியோ அறைக்குள் கொண்டுவந்தால் கேள்வி தெளிகிறது. ஆளுக்குப் பின்னால் நாம் ஆக்கித் தருவது ஒரு சின்னப் புவனம். அது ஆக்கப்பட்டது என்பதாலேயே பொய்யாகிவிடாது. அந்த முகத்தை விளங்கவைத்தால் அது விளக்கின் வேலையைச் செய்கிறது; படமெடுப்பவரின் பெருமையையோ ஸ்டுடியோவின் பகட்டையோ முன்னால் தள்ளி முகத்தை அமுக்கினால் அது ஆணவத்தின் பக்கம் போய்விடுகிறது.

தமிழ் வழிபாட்டிலும் இதற்குச் சான்று தேட வெகுதூரம் போக வேண்டாம். நடராசர் திருமேனியைச் சுற்றிச் சுடர்களோடு நிற்கும் திருவாசி, கண்ணால் பார்த்தால் ஒரு பின்னணிதான். ஆனால் ஆடும் இறைவனுக்கு அது அகிலம். சிதம்பரத்தில் திரையை விலக்கினால் தெரிவது உருவம் அல்ல, வெளியும் அதில் தொங்கும் பொன் வில்வ மாலைகளும். வடலூரில் வள்ளலார் 1872இல் தொடங்கிய சத்திய ஞான சபையில் சோதிக்கு முன்னால் ஏழு நிறத் திரைகள் உண்டு. தைப்பூசத்தில் அவற்றை விலக்கிச் சோதி காட்டுகிறார்கள். பின்னால் நிற்பதும் முன்னால் மறைப்பதும் தரிசனத்தின் உறுப்புகளாகவே இங்கே கருதப்பட்டிருக்கின்றன. ஒழித்துவிட வேண்டிய கறையாக அல்ல. சாமிக்குப் பொருந்துவது மனிதருக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். ஸ்டுடியோவில் எடுத்த படம் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். உட்கார்ந்தவர் மறைந்த பிறகு அந்தப் படம் சுவரில் ஏறுகிறது. கண்ணாடியின் மேல் சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்கள், மாலை போடுகிறார்கள், அமாவாசையன்று அதன் முன்னால் படையல் வைக்கிறார்கள். அன்றைக்குப் பின்னால் தொங்கிய காடாத் துணிதான் அந்த வீட்டுக்கு அவருடைய திருவாசி.

இன்னொரு தடை இயற்கையின் பெயரால் வரும். நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி ஊரே படமெடுக்க வருகிற பச்சை மலை வாசலில் இருக்க, எதற்குத் திரை? தேயிலைச் சரிவைவிட மெய்யான பின்னணி உண்டா? வருகிறவருக்கு அது காட்சி. கொழுந்து கிள்ளுகிறவருக்கு அது வேலைத்தளம், எடை போட்டுக் கணக்கு எழுதும் நிலம். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் எழுதிய ‘ரெட் டீ’ நாவல், தமிழில் இரா. முருகவேளின் ‘எரியும் பனிக்காடு’, அந்தப் பச்சைக்கு அடியில் கங்காணிமுறையும் கடனும் நோயும் எத்தனை பேரைத் தின்றன என்று காட்டுகிறது. அந்தச் சரிவுகளில் பெரும்பாலானவை கம்பெனிக்குச் சொந்தம். வாழ்நாள் முழுக்க அங்கே நின்றவர், படத்திலாவது வேறிடத்தில் நிற்கிறேன் என்றால், அவரைத் திரும்பத் தேயிலைக்குள் தள்ளுவது எந்த மெய்க்கும் செய்யும் தொண்டு அல்ல. தோட்டத்திலேயே நிற்கிறேன், என் உழைப்பு தெரியட்டும் என்று அவரே சொன்னால் அதுதான் சரியான பின்னணி. மலை அதே மலைதான்; தேர்ந்தவர் மாறியிருக்கிறார்.

இதில் கடினமான மறுப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது: மாளிகை கேட்கும் ஆசையே பிறர் ஊட்டியது, அதற்குத் திரை தொங்கவிடுவது சொந்த வீட்டைப் பற்றிய வெட்கத்தை வளர்க்கும். இதில் உண்மை உண்டு. நாலு திரையும் மாளிகையாக வைத்திருக்கும் ஸ்டுடியோ, ஆசையை முன்கூட்டியே வெட்டித் தைத்துவிடுகிறது. ஆனால் மருந்து, ஆசையைத் தணிக்கை செய்வது அல்ல; தேர்வை அகலமாக்குவது. முதலில் சொன்ன அந்த இரண்டு அளவுகோல்களாலேயே கணினியையும் அளக்க வேண்டும். மென்பொருள் ஆளை வெட்டி எடுத்து ஊட்டியிலோ சுவிட்சர்லாந்திலோ பொருத்தும்போது மடிப்பும் இல்லை, தரைக்கோடும் இல்லை. போகாத ஊருக்குப் போனதாகப் பார்ப்பவர் நம்பிவிட்டால், துணி செய்யாத பொய்யை அது செய்துவிட்டது. ஆதார் அட்டைப் படத்திலிருந்து தலையை வெட்டி நீல வானத்தில் ஒட்டி நினைவுப் படம் போடுவது இன்று வழக்கம். அதில் ஏமாற்று இல்லை, ஆனால் தேர்ந்தெடுக்க வேண்டியவர் அங்கே இல்லை. உயிரோடு இருக்கும்போதே ஒருவரை உட்காரவைத்து, பின்னால் என்ன வேண்டும் என்று கேட்டு எடுப்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

ஆகவே அந்தச் சின்ன அறைக்கு என் யோசனை இது. சாம்பலில் ஒன்று, கறுப்பில் ஒன்று, வரைந்தது ஒன்று என மூன்று திரை போதும். ஒரே சாம்பல் துணி, தள்ளி வைத்தால் அடர்ந்த சாம்பலாகவும், தனி விளக்கு காட்டினால் வெண்மையாகவும் வரும் என்பதால் அதற்கு மேல் சுவரில் இடம் அடைக்க வேண்டாம். மூன்றுக்கும் ஒரே கட்டணம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தேர்வு பணத்தினுடையதாகிவிடும். வரைந்த திரையின் ஓரத்தைக் கத்தரித்து மறைக்காமல் கொஞ்சம் விட்டுவைக்கலாம். விளக்கைப் போடுவதற்கு முன் மூன்றையும் பிரித்துக் காட்டி, உட்காருபவர் கை நீட்டும்வரை பொறுத்திருக்க வேண்டும். எதைக் காட்டினாலும் படமெடுப்பவர் ஓர் உலகத்தைத்தான் ஆக்கித் தருகிறார்; அந்தப் பொறுப்பிலிருந்து வெள்ளைச் சுவரும் அவரை விடுவிக்காது.