பள்ளியில் பட்ட காயத்துக்கு யார் பொறுப்பு?

காரைக்கால் மாவட்டத்தின் நிரவிப் பகுதியில் உள்ள விழிதியூர் போன்ற ஒரு சிற்றூரில், பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகள் படிக்கும் இடமாக மட்டுமே ஊர் பார்க்கிறது. அது பலர் உழைத்துப் பிழைக்கும் இடமும்கூட. பாடம் நடத்துபவர், ஆய்வகத்தில் அமிலக் குப்பியைக் கையாள்பவர், கழிவறையைக் கழுவுபவர், மதிய உணவுக்கு உலை வைப்பவர், வேன் ஓட்டுபவர் என எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாழ்வாரம் எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான் வழுக்கும். அங்கே விழுந்து ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால், அவர் படுத்துக் கிடக்கும் மாதங்களின் சம்பளத்தை யார் தருவது? விழுந்தவர் வகிக்கும் பதவியைப் பொறுத்தே இன்று அதற்கு விடை கிடைக்கிறது. இந்த வேறுபாட்டை அறத்தின் பெயரால் நியாயப்படுத்த முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில், சரியாக நடந்திருப்பதைச் சொல்லிவிட வேண்டும். காரைக்காலை உள்ளடக்கிய புதுச்சேரியின் அரசுப் பள்ளி நிரந்தரப் பணியாளர்களுக்கு மத்திய அரசின் விடுப்பு விதிகள் பொருந்தும். ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரையை ஏற்று 2018இல் அந்த விதிகள் திருத்தப்பட்டன. பணியின் காரணமாக நேர்ந்த காயத்துக்கும் நோய்க்கும் தனி விடுப்பு வகுக்கப்பட்டது. மருத்துவமனையில் இருக்கும் காலம் முழுவதும் முழுச் சம்பளமும் படிகளும் உண்டு. வீடு திரும்பிய பின் ஆறு மாதம் முழுச் சம்பளம், அதற்குப் பின் பன்னிரண்டு மாதம் அரைச் சம்பளம். உடல் பழைய நிலைக்குத் திரும்பாமல் போனாலும் வேலை பறிபோகாது. பணிக்காலத்தில் இயலாமைக்கு ஆளான ஒருவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்றும், அதே ஊதிய விகிதத்தில் அவரால் செய்யக்கூடிய வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்றும், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்களுக்கும் அரசு உதவி பெறும் நிறுவனங்களுக்கும் கட்டளையிடுகிறது.

இந்த ஏற்பாடுகளின் வேர் பழையது. காரைக்காலை அன்று ஆண்டுகொண்டிருந்த பிரான்சு, 1898 ஏப்ரல் 9 அன்று தன் தொழிலாளர்களுக்காக ஒரு விபத்துச் சட்டம் இயற்றியது. முதலாளியின் தவறை மெய்ப்பித்தால்தான் இழப்பீடு என்ற பழைய நிபந்தனையை அது கைவிட்டது. வேலை இருக்கும் இடத்தில் ஆபத்தும் இருக்கும். வேலையின் பயனை அடைபவரே ஆபத்தின் செலவையும் ஏற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பிரிட்டிஷ் இந்தியாவில் 1923இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் இதே அடித்தளத்தில் எழுந்தது. விபத்தைத் தலையெழுத்து என்று விட்டுவிடாமல் கணக்கில் எழுதவேண்டிய செலவாக மாற்றியது மனித குலத்தின் பெரிய அறச் சாதனைகளுள் ஒன்று.

ஆனால் அந்தச் சாதனை தனியார் பள்ளியின் வாசலில் தயங்கி நிற்கிறது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் வாகன ஓட்டுநரும் கிளீனரும் இடம்பெற்றார்கள். வகுப்பறை ஆசிரியர் இடம்பெறவில்லை. ஒரே பள்ளி வேன் கவிழ்ந்தால் ஓட்டுநருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை இருந்தது, அதே வேனில் பிள்ளைகளுக்குத் துணையாக வந்த ஆசிரியை அச்சட்டத்துக்கு வெளியே இருந்தார். ஆசிரியர் தொழில் தகராறுச் சட்டத்தின்படி ‘தொழிலாளி’ அல்லர் என்று 1988இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணிக்கொடைச் சட்டத்திலும் அவர் இல்லை என்று 2004இல் தீர்ப்பு வந்தது. 2009இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும்படி ஆசிரியருக்குப் பணிக்கொடை உரிமையைத் தந்தது. விளக்கத்தால் மூடிய கதவைச் சட்டமியற்றுபவர்கள் நினைத்தால் திறக்கலாம் என்பதற்கு இது சான்று. காயத்துக்கான கதவு மட்டும் ஏன் அரைகுறையாகத் திறந்திருக்க வேண்டும்?

பள்ளிச் சமையலர்களின் நிலை இதைவிடக் கடினம். மதிய உணவுத் திட்டத்தில் சமையலர் உதவியாளருக்கு மத்திய அரசு 2009இல் வரையறுத்த தொகை மாதம் 1,000 ரூபாய், அதுவும் ஆண்டில் பத்து மாதம். மாநிலங்கள் மேலும் கூட்டித் தரலாம். ஆனால் அதன் பெயர் ‘மதிப்பூதியம்’. சம்பளம் என்ற சொல் இல்லாததால் சம்பளத்தைத் தொடர்ந்து வரும் உரிமைகளும் இல்லை. பள்ளியிலேயே மிக ஆபத்தான இடம் அடுப்படிதான். 94 குழந்தைகளைப் பலிகொண்ட 2004 ஜூலை 16 கும்பகோணம் தீ, பள்ளிச் சமையற்கூடத்திலிருந்துதான் பரவியது. இத்தகைய திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டும் என்று 2013இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. கொதிக்கும் சாம்பார் காலில் கொட்டினால், வேலைக்குப் போகாத நாளின் பணம் இல்லாமல் போவதுதான் இன்னும் பல இடங்களில் நடைமுறை.

சிறிய பள்ளிகளால் இந்தச் சுமையைத் தாங்க முடியாது என்பது முதல் மறுப்பு. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. கிராமத்துத் தனியார் பள்ளிகள் பல, பெற்றோர் தவணையாகக் கட்டும் கட்டணத்தில்தான் நடக்கின்றன. ஆனால் ஒருவரின் விபத்தை ஒரு பள்ளியே தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. காப்பீடு இருப்பதே அதற்குத்தான். தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. திட்டத்தில் நிர்வாகத்தின் பங்கு சம்பளத்தில் 3.25 விழுக்காடு, பணியாளரின் பங்கு 0.75 விழுக்காடு. மாதம் 10,000 ரூபாய் வாங்கும் ஆசிரியைக்காக நிர்வாகம் கட்டுவது 325 ரூபாய். பணியில் காயம்பட்டால் அவருக்கு நாட்கூலியின் 90 விழுக்காடு அளவில் உதவித்தொகை வரும், சிகிச்சையும் கிடைக்கும். இத்திட்டத்தைத் தனியார் கல்வி நிறுவனங்களுக்கு நீட்டித்து 2010இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிவிக்கையை 2020இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு உறுதி செய்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இ.எஸ்.ஐ.யை விரிக்கிறது, அதற்குக் குறைவானவை விரும்பிச் சேரலாம். 325 ரூபாய் கட்ட முடியாது என்று சொல்லும் நிர்வாகம், காயம்பட்டவரின் குடும்பம் அந்தச் சுமையைத் தாங்கும் என்றுதான் மறைமுகமாகச் சொல்கிறது. அதற்கான வசதி எல்லோரையும்விடக் குறைவாக இருப்பது அந்தக் குடும்பத்திடம்தான்.

சலுகை இருந்தால் பொய்க் காயங்கள் பெருகும் என்பது இரண்டாவது மறுப்பு. ஏமாற்றுபவர் எங்கும் இருப்பர். அதற்குத்தான் மருத்துவச் சான்றும் மருத்துவ வாரியமும் இருக்கின்றன. அரசுப் பணியாளர் விஷயத்தில் இந்தச் சோதனை போதும் என்று ஏற்கும் சமூகம், சமையலர் விஷயத்தில் மட்டும் போதாது என்று சொன்னால், அவருடைய ஏழ்மையையே சந்தேகத்துக்குக் காரணமாக்குகிறது. நீண்ட விடுப்பால் பிள்ளைகளின் படிப்பு கெடும் என்ற கவலை இதைவிட நேர்மையானது. அதற்கு வழி, மாற்று ஆசிரியரை அமர்த்துவது. சம்பளம் போய்விடும் என்ற அச்சத்தில் ஆறாத காலோடு வகுப்புக்கு வருபவரால் பிள்ளைகளுக்கும் நன்மை இல்லை.

ஆசிரியப் பணி ஒரு தொண்டு, அதைக் கூலிக் கணக்கில் பார்க்கக் கூடாது என்பது மூன்றாவது மறுப்பு. இது மரியாதையாக ஒலிக்கிறது, ஆனால் இதன் விலையை மரியாதை பெறுபவரே கொடுக்கிறார். அதே தொண்டர்களைத்தான் அரசு அவசர வேலைகளுக்கும் அழைக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம் ஆகிய மூன்றுக்கும் ஆசிரியரைப் பயன்படுத்தலாம் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்த இந்தக் கடலோரத்தில் பேரிடர் நிவாரணம் என்பது ஏட்டளவில் நிற்கும் சொல் அன்று. தேர்தல் பணியில் இறப்பவருக்கும் நிரந்தர இயலாமைக்கு ஆளாவோருக்கும் இழப்பீடு உண்டு என்று தேர்தல் ஆணையம் ஏற்றிருக்கிறது. ஒரு நாள் வாக்குச்சாவடியில் மதிக்கப்படும் அதே உடல், ஆண்டு முழுவதும் வகுப்பறையில் நிற்கும்போது மதிப்பிழந்துவிடுமா?

பதவிக்கேற்பச் சம்பளம் மாறலாம். படிப்பும் அனுபவமும் அதற்குக் காரணம் ஆகலாம். பணியில் காயம்பட்டவருக்கு ஆறும்வரை விடுப்பும் வருவாயும் உண்டு, ஆறாமல் போனால் வேறு வேலை உண்டு என்ற உறுதி மட்டும் மாறக் கூடாது. புதுச்சேரி அரசு, தன் நிரந்தரப் பணியாளருக்கு ஏற்றுக்கொண்ட அளவுகோலை ஒப்பந்த ஆசிரியருக்கும் சமையலருக்கும் விரித்து ஆணையிட வேண்டும். காரைக்காலின் தனியார் பள்ளி நிர்வாகங்கள் ஆய்வாளர் வரட்டும் என்று காத்திராமல் தம் பணியாளர் அனைவரையும் காப்பீட்டில் சேர்க்க வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் பெற்றோர், அங்கே வேலை செய்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கிறதா என்று ஒரு முறை கேட்க வேண்டும்.